ஊர்வாய்

உப்புத்துறைக் குடியிருப்பை இடித்துவிட்டு லிஃப்ட் வைத்த புதுக் கட்டடங்களாகக் கட்டித் தரும் திட்டம் கைவிடப்பட்டது. அங்கே குடியிருக்கும் மக்களே வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள் என்று செய்தியில் காரணம் போட்டிருந்தது. பிலோமினாவுக்கு விஷயம் வேலை செய்யும் இடத்தில்தான் தெரிந்தது. மருத்துவமனையின் சலவைப் பிரிவில் இயந்திரத்திலிருந்து ஈரப் போர்வைகளை இழுத்துக்கொண்டிருந்தபோது, கூட வேலை செய்யும் பெண் செல்போனை நீட்டினாள்.

"உங்க ஏரியாதானே இது? லிஃப்ட் வேணாம்னு சொன்ன ஜனத்தை இப்பத்தான் பாக்குறேன்க்கா."

பிலோமினா இரண்டு தடவை படித்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கேட்டவர் காலைப் பிடித்துக்கொண்டு வேண்டும் என்று சொல்லியிருப்பாள். அவள் கணவன் அருளப்பன் கட்டடங்களுக்கு வண்ணம் பூசுகிறவன். நான்கு வருடம் முன்பு சாரம் சரிந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அவர்கள் வீடு மூன்றாவது மாடியில். மருத்துவமனைக்குப் போக ஆள் வைத்துத் தூக்கிய நாட்கள் தவிர அவன் தரையை மிதித்ததில்லை. மிதிப்பது என்ற சொல்லையே அந்த வீட்டில் இருவரும் தவிர்ப்பார்கள்.

அன்று மாலை குழாயடியில் பார்த்தவர்களிடமெல்லாம் விசாரித்தாள். யாரையும் யாரும் கேட்டிருக்கவில்லை. இரண்டாவது மாடியில் இருக்கும் ஆட்டோக்காரர் மஸ்தான்தான் வீட்டுவசதி வாரிய அலுவலகத்துக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு வந்தார்.

"கேட்டாங்களாம்க்கா. ஊர்வாய்கிட்ட கேட்டாங்களாம். அது வேணாம்னு சொல்லிடுச்சாம்."

ஊர்வாய் என்பது மோட்டார் அறைக்குப் பக்கத்திலிருந்த நீளச் சுவர். அதாவது, அந்தச் சுவரிலிருந்து பேசுகிற குரல். இரண்டு வருடத்துக்கு முன் நிலோஃபர் என்ற பெண் வந்து செய்த வேலை அது. நகர மக்களோடு சேர்ந்து ஓவியமும் ஒலியும் படமுமாக எதையாவது செய்வதுதான் அவள் தொழில். ஒரு கலை அறக்கட்டளை அதற்கு நிதி கொடுத்திருந்தது. வந்த புதிதில் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்து அவரவர் வீட்டைப் படமெடுக்கச் சொன்னாள். பிறகு குடியிருப்பே கூடி அந்தச் சுவருக்கு வண்ணம் தீட்டியது. அருளப்பன் தன் சமையலறை ஜன்னலில் இருந்துகொண்டு, நீலத்தில் வெள்ளை போதவில்லை என்று கத்திக்கொண்டிருந்தான். எல்லோரும் மேலே பார்த்துச் சிரித்துவிட்டு வெள்ளையைக் கூட்டினார்கள். வீடு வீடாக உட்கார்ந்து கதைகளைப் பதிவு செய்தாள் நிலோஃபர். கல்யாணச் சண்டை, வெள்ளத்தில் மிதந்து வந்த பீரோ, மஸ்தானின் ஆடு தேர்தல் கூட்டத்துக்குப் போய் மாலையோடு திரும்பியது, எல்லாம்.

அந்தக் கதைகளையெல்லாம் கரைத்துக் குடித்த ஒரு கணினிக் குரலைக் கடைசியில் சுவருக்குள் வைத்தாள். ஆண் குரல் என்றும் சொல்ல முடியாது, பெண் குரல் என்றும் சொல்ல முடியாது. கேட்டால் உப்புத்துறைக் குரல் என்று மட்டும் தெரியும். பெயர்களை அவள் நீக்கியிருந்ததால் அது யாரைப் பற்றிப் பேசினாலும் 'நாங்க' என்றுதான் பேசும். சுவருக்கு முன் நின்று யார் புதிதாக எதைச் சொன்னாலும் அதையும் சேர்த்துக்கொள்ளும். போனிலும் அதோடு பேசலாம், ஆனால் சொல்வதை அது உள்ளே வாங்க வேண்டுமானால் சுவருக்கு முன்னால் வந்துதான் சொல்ல வேண்டும். வெளியாள் யாரும் புகுந்து கெடுத்துவிடக் கூடாதென்று நிலோஃபர் அப்படி அமைத்திருந்தாள். உலைவாயை மூடினாலும் இந்த வாயை மூட முடியாது போலிருக்கிறதே என்று யாரோ சொல்லப்போய், ஊர்வாய் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அந்தக் குரலால் அதிகம் பயனடைந்தது அருளப்பன். பிலோமினா வேலைக்குப் போனதும் போனை எடுத்து, "என்ன விசேஷம்?" என்பான். அது எதையாவது ஆரம்பிக்கும். மாலையில் அவள் வரும்போது அவன் முகத்தில் கொஞ்சம் தெளிவு இருக்கும். அதற்காகவே அவள் நிலோஃபருக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்பிய நாட்கள் உண்டு.

செய்தி வந்த மறுநாளே வாரியத்திலிருந்து பொறியாளர் கோதண்டராமன் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், பொறுமையாகப் பேசுகிறவர். முற்றத்தில் கூடியவர்களிடம் அவர் எதையும் மறைக்கவில்லை. கருத்துக் கேட்புக் கூட்டம் என்று முன்பெல்லாம் நடத்துவார்கள், குரல் பெரிதாக உள்ள நான்கு பேர் பேசுவார்கள், வேலைக்குப் போன பெண்கள் வரமாட்டார்கள், படுத்திருப்பவர்கள் வரமாட்டார்கள். இப்போது இப்படியொரு பொதுக்குரல் இருக்கிற குடியிருப்புகளில் அதைக் கேட்டாலே போதும் என்று விதி வந்திருக்கிறது. அதில் எல்லோரும் இருக்கிறார்கள் அல்லவா என்றார். தான் கேட்டதையும் அது சொன்னதையும் போட்டுக் காட்டினார்.

"இடிக்காதீங்க," என்றது ஊர்வாய். "எங்க சிரிப்பெல்லாம் இந்தச் செவுத்துலதான் ஒட்டியிருக்கு. இதை விட்டுட்டு நாங்க எங்க போறது?"

கேட்டவர்களில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அழகாகத்தான் சொல்லியிருந்தது. மழைக்காலம் முடிந்ததும் விதிப்படி இன்னொரு முறை கேட்போம், அதற்குள் பதில் மாறினால் திட்டத்தை மீண்டும் எடுக்கலாம் என்று சொல்லிவிட்டுக் கோதண்டராமன் போனார்.

நிலோஃபர் அந்த வார இறுதியில் வந்தாள். அப்போது வேறொரு பேட்டையில் வேலை செய்துகொண்டிருந்தாள். தன் சுவரை இப்படிப் பயன்படுத்துவார்கள் என்று அவளுக்குத் தெரியாது. வேலை முடிந்தால் அது வாரியத்தின் சொத்து என்று ஒப்பந்தத்தில் இருந்ததைப் பெரிதாக நினைக்கவில்லை. பிலோமினா அவளை மோட்டார் அறைப் படியில் உட்கார வைத்துக் கேட்டாள்.

"என்கிட்ட நீ ஒரு முழு மத்தியானம் பேசினே. நான் லிஃப்டைப் பத்திச் சொன்னேன். அவரு படுக்கையில இருக்கறதைச் சொன்னேன். அழுதேன். அதெல்லாம் ஏன் அதுக்குத் தெரியலை?"

"அதுல போட்டதுதான்க்கா அதுக்குத் தெரியும்."

"நீ போடலையா?"

 கொண்டாட்டம் என்ற தலைப்பில்தான் நிதி கிடைத்தது என்றாள் நிலோஃபர். அதுவும் முழு உண்மையில்லை என்று தானே சொன்னாள். இந்த மாதிரி இடங்களுக்குக் கேமரா கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் சாக்கடையையும் ஒழுகும் கூரையையும் அழுகிற முகத்தையும்தான் எடுத்துப் போகிறார்கள். ஒரு தடவையாவது இங்குள்ளவர்களைச் சிரித்த முகத்தோடு காட்ட வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்தது. அதனால் அழுததையெல்லாம் நீக்கிவிட்டாள். நீக்கிய பதிவுகளை வைத்துக்கொள்ளக் கூடாதென்ற விதிப்படி அவற்றை அழித்தும்விட்டாள்.

"நாங்க சிரிச்சதை மட்டும் எடுத்து வெச்சிருக்கே," என்றாள் பிலோமினா. "அப்ப வாரியத்துக்காரன் லிஃப்ட் எதுக்குன்னுதான் கேப்பான்."

அதில் கோபம் இல்லை. அதுதான் நிலோஃபருக்குத் தாங்கவில்லை. இனி ஒரே வழிதான் உண்டு என்றாள் அவள். எல்லோரும் சுவருக்கு முன்னால் வந்து, சொன்னதையெல்லாம் திரும்பச் சொல்ல வேண்டும்.

அப்படித்தான் அந்த மழைக்காலத்தில் உப்புத்துறையில் அழுகை ஒரு வேலையாக ஆரம்பித்தது. முதலில் கூச்சப்பட்டார்கள். முற்றத்தில் நின்று சுவரிடம் குறை சொல்வது பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. பிறகு வரிசையில் நின்றார்கள். ஓதம் ஏறிய சுவர், கழிவுநீர் திரும்பி வரும் குளியலறை, மாடிப்படியில் வழுக்கிக் கலைந்த கர்ப்பம், குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவன். குடை பிடித்துக்கொண்டு சொன்னார்கள். சிலர் சொல்லி முடித்ததும் லேசாகிப் போனார்கள். சிலர் நாலு நாள் யாரோடும் பேசவில்லை. சொன்னதைக் குரல் யாரிடம் எப்போது போட்டு உடைக்கும் என்று தெரியாததால் பழைய சிநேகிதங்களில் விரிசல் விழுந்தது. மஸ்தானின் ஆட்டுக் கதையைக் கேட்க வந்த பிள்ளைகளிடம் ஊர்வாய் சாக்கடையைப் பற்றிப் பேசியது. பிள்ளைகள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

பிலோமினா ஒரு மதியம் வேலையிலிருந்து சீக்கிரம் வந்தவள் நேராகச் சுவருக்குப் போனாள். முற்றத்தில் யாருமில்லை. தண்ணீர்க் குடத்தோடு ஏறுகிற படிகளைப் பற்றிச் சொன்னாள். படுக்கைப் புண்ணைப் பற்றி, அவனைத் திருப்பிப் போடும்போது தன் முதுகில் பிடிக்கிற வலியைப் பற்றி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிற ஆட்கள் பாதிப் படியில் அவனை இறக்கி வைத்துவிட்டுப் பீடி பிடிப்பதைப் பற்றிச் சொன்னாள். இவற்றைத்தான் சொல்ல நினைத்து வந்திருந்தாள். அதற்குப் பிறகு வந்தது அவள் நினைத்து வந்ததல்ல.

"சில நாளு, இந்த மனுசன் செத்துட்டா நல்லாருக்கும்னு நெனைச்சிருக்கேன்."

சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மாடியேறிப் போய்ச் சோறு வடித்தாள்.

அருளப்பன் காலையில் ஊர்வாயோடு பேசுவதை விடவில்லை. அது முன்போல் சிரிக்க வைக்கவில்லை என்று அவளிடம் சொன்னான். பரவாயில்லை, இதெல்லாமும் கீழே நடக்கிறதுதானே என்றான். ஒருநாள் அவள் வேலை முடிந்து வந்தபோது போன் அணைத்து வைக்கப்பட்டுக் கட்டிலின் கால்மாட்டில், அவன் கைக்கு எட்டாத இடத்தில் கிடந்தது. அவனே எறிந்திருக்க வேண்டும். அவள் எடுத்து மேலே வைத்தாள்.

"இன்னைக்கு அது உன்னை மாதிரியே பேசுச்சு," என்றான்.

பிலோமினா ஏன் என்று கேட்கவில்லை.  எப்போதும் அவள்தான் ஊட்டுவாள், அன்று அவனே தட்டை வாங்கிச் சாப்பிட்டான். அவள் வீட்டுச் சுவர்ப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் நிலோஃபரைத் தேடிப் போனாள். தான் சொன்னதில் ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டாள். என்ன வாக்கியம் என்று சொல்லவில்லை. நிலோஃபரும் கேட்கவில்லை.

"ஒண்ணை மட்டும் எடுக்க வராதுக்கா. மாவுல தண்ணி ஊத்திப் பிசைஞ்சாச்சு. எடுக்கணும்னா, ஜனங்க திரும்பச் சொல்ல ஆரம்பிச்சதுக்கு முன்னாடி இருந்த மாதிரி மொத்தமா மாத்தணும்."

"எல்லார் சொன்னதும் போயிடுமா?"

"போயிடும். ஆனா நீங்க சொன்னா நான் செய்வேன். வாரியத்துக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

கோதண்டராமன் மறுபடி கேட்க வரும் நாள் அந்த வாரத்தில்தான் இருந்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று பிலோமினா எழுந்துகொண்டாள். திரும்பி வரும் வழியெல்லாம், மாடிப்படியில் வழுக்கிக் கருவை இழந்த பெண் இரண்டாம் முறை வரிசையில் நின்றது அவள் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. முதல் முறை சொல்ல முடியாமல் திரும்பிப் போனவள் அவள்.

வீட்டுக்கு வந்ததும் அருளப்பன், "மஸ்தானைக் கூப்பிடு, என்னைக் கீழ கொண்டுபோகச் சொல்லு," என்றான்.

எதற்கு என்று கேட்டாள். சுவரிடம் பேச வேண்டும் என்றான்.

மஸ்தானும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து அவனைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நழுவாமல் இருக்கத் துண்டால் கட்டி இறக்கினார்கள். ஒவ்வொரு தளத்திலும் கதவுகள் திறந்தன. அவன் இத்தனை நாளும் குரலாகவே அறிந்திருந்த சில குழந்தைகள் அவனை வேடிக்கை பார்த்தன. கீழே வந்ததும் அவன் முதலில் செய்தது சுவரைப் பார்த்ததுதான். தான் மேலிருந்து கத்திக் கலக்க வைத்த நீலத்தைக் கிட்டத்தில் பார்த்தான். கொஞ்சம் வெளுத்துப் போயிருந்தது.

எல்லோரையும் தள்ளிப் போகச் சொன்னான். பிலோமினாவையும்தான். அவள் குழாயடியில் போய் நின்றாள். அங்கிருந்து அவன் முதுகும், பேசும்போது அசைகிற வலது கையும் மட்டுமே தெரிந்தன. நெடுநேரம் பேசினான். பிறகு கையைத் தூக்கிக் காட்டினான், மஸ்தான் போய் நாற்காலியைப் பிடித்தார்.

எதையும் எடுக்க வேண்டாமென்று மறுநாள் நிலோஃபருக்குச் சொல்லி அனுப்பினாள் பிலோமினா.

கோதண்டராமன் ஒரு காலை வேளையில் வந்தார். இந்தத் தடவை குடியிருப்பே முற்றத்தில் நின்றது. நிலோஃபர் ஓரமாகச் சுவரை ஒட்டி நின்றாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்தக் கட்டடங்களை இடித்துப் புதிதாகக் கட்டலாமா என்று கேட்டார். ஊர்வாய் எப்போதும் உடனே பேசும். அன்று பேசவில்லை. மின்சாரம் போய்விட்டதா என்று ஒருவர் மோட்டார் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"அதை எங்ககிட்ட கேக்காதீங்க," என்றது பிறகு. "மேல இருக்காங்க, கீழ இருக்காங்க. போய்க் கதவைத் தட்டிக் கேளுங்க."

அவர் கேள்வியை மாற்றிக் கேட்டார். லிஃப்ட் வேண்டுமா என்றார். புதுக் கட்டடம் எழும்வரை வேறு இடத்தில் இருக்கச் சம்மதமா என்றார். ஒவ்வொன்றுக்கும் அதே பதில்தான் வந்தது. கடைசியில் நிலோஃபரைத் திரும்பிப் பார்த்தார். நீ சொல்லிக் கொடுத்ததா என்ற கேள்வி அவர் முகத்தில் இருந்தது.

"நான் தொடவே இல்லை சார்," என்றாள் அவள். "இந்த மூணு மாசமா என்ன குறை சொல்ல வந்தாலும் இவங்க கடைசில ஒண்ணைச் சொல்லித்தான் முடிச்சிருப்பாங்க. நம்மள யாரு கேட்டான்னு. பெரும்பாலும் எல்லாரும் பொதுவாச் சொன்னது அது ஒண்ணுதான். அதையே அது கெட்டியாப் பிடிச்சுக்கிச்சு."

 வேண்டும் என்றோ வேண்டாம் என்றோதான் கோதண்டராமன் பதிவு செய்ய முடியும். பதில் கிடைக்கவில்லை என்று எழுதிக்கொண்டு போய்விடலாம் என்று அவர் நினைத்திருக்கலாம், பையை மூடக்கூடச் செய்தார். அப்போது பிலோமினா கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள்.

"எங்க வீடு மூணாவது மாடி சார். வாங்க."

அவர் ஏறினார். இரண்டாவது தளத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினார். வீட்டுக்குள் வந்து அருளப்பனின் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்தார். பிலோமினா தண்ணீர் கொடுத்தாள். முழுதையும் குடித்துவிட்டுத்தான் கேட்க வந்ததைக் கேட்டார். அன்று அவர் அந்தக் கட்டடத்தில் மட்டும்தான் கேட்டு முடித்தார். மற்றதற்கு அடுத்தடுத்த நாட்களில் வந்தார்.

எல்லோரும் ஒரே மாதிரி சொல்லிவிடவில்லை. லிஃப்ட் வந்தால் போதும் என்றவர்கள் உண்டு. வெளியே அனுப்பிவிட்டால் திரும்பக் கூப்பிட மாட்டார்கள் என்று பயந்தவர்கள் உண்டு. முன்பு ஊர்வாய் சொன்ன அதே வார்த்தைகளில், எங்கள் சிரிப்பு இங்கேதான் இருக்கிறது, இடிக்காதீர்கள் என்று மெய்யாகவே சொன்ன ஒரு பெரியவரும் இருந்தார். கடைசியில் கட்டடம் கட்டடமாக, ஒன்று முடிந்தபின் அடுத்தது என்று கட்டுவதாக முடிவாயிற்று. பிலோமினாவின் கட்டடம் வரிசையில் நடுவில் வந்தது. இன்னும் சில வருடங்கள் படியேற வேண்டும். வாரியம் உப்புத்துறையில் சுவரைக் கேட்பதை நிறுத்தியது. மற்ற பேட்டைகளில் இன்னும் சுவர்களைத்தான் கேட்கிறார்கள். நிலோஃபர் அங்கெல்லாம் போய், உங்கள் சுவரிடம் ஒரு தடவை அழுதுவிட்டு வாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

பிலோமினாவுக்கு ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. அருளப்பன் அன்று கீழே என்ன பேசினான் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்வது சுலபம். சலவைப் பிரிவில் சாப்பாட்டு இடைவேளையில் போனை எடுத்து, படுக்கையில் கிடக்கிறவர் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், பெயர் இல்லாமலே ஊர்வாய் சொல்லிவிடும். அவள் பல நாட்கள் போனை எடுத்துப் பார்த்தாள். வைத்துவிட்டாள். மழை விட்டுத் துணிகள் சீக்கிரம் காயத் தொடங்கிய ஒரு மாலையில், அவன் கால்களுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அன்னைக்குக் கீழ என்னங்க சொன்னீங்க?"

"நீ அதுகிட்டயே கேட்டிருக்கலாமே."

"கேக்கலை."

அவன் கைகளை ஊன்றிக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நீ நெனைச்சியே, அதை நான் உனக்கு முன்னாடியே நெனைச்சுட்டேன்னு சொன்னேன். நான் போயிட்டா உனக்கு விடுதலைன்னு. தினமும் தோணும். சாயங்காலம் படியில உன் செருப்புச் சத்தம் கேட்டா மட்டும் அது போயிடும். அதையும் சொன்னேன்."

பிலோமினா கையை எடுக்கவில்லை. எண்ணெய் காய்ந்துபோன பிறகும் அதே இடத்தில் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு அங்கே எதுவும் தெரியாது என்பது இருவருக்கும் தெரியும்.

"படியேறினா உனக்குக் கால் வலிக்குமே பிலோ," என்றான் அவன்.

இத்தனை வருடத்தில் யார் கேட்டாலும் அதெல்லாம் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லிப் பழகியிருந்தாள்.

"வலிக்குதுங்க," என்றாள்.